மூளை அலை கண்ட பெர்கர்

வகுப்பில் ஓரிடத்தில் அமராத என் தம்பியை, ராசிபுரம் பக்கத்து எங்கள் ஊரில் 'மக்கு' என்றே அழைத்தனர். வலிப்பு உண்டா என்றறிய, சேலத்தில் அவனுக்கு இ.இ.ஜி. என்னும் மூளை அலை வரைபடம் எடுத்தபோதுதான் ஹான்ஸ் பெர்கரின் பெயரை அறிந்தேன்.

1873-இல் ஜெர்மனியில் பிறந்தவர் பெர்கர். இராணுவப் பயிற்சியில் குதிரையிலிருந்து விழுந்து உயிர் தப்பினார். அன்றே, தொலைவில் அவர் சகோதரி தீங்கு நேர்ந்ததாக அஞ்ச, தந்தை நலம் கேட்டுத் தந்தியடித்தார். எண்ணம் எப்படிப் பயணம் செய்யும்? அவ்வினாவே அவரை மனநல மருத்துவராக்கியது.

ஜெனா நகரில் 1924-இல் மனித மூளையின் மின்னலைகளை முதன்முதலில் பதிவு செய்தார். தம் மகனையும் சோதித்தார். கண்மூடி ஓய்ந்திருக்கையில் நொடிக்குச் சுமார் பத்து முறை எழும் அலை, கவனம் திரும்பியதும் அடங்கக் கண்டார். 1929-இல் வெளியிட்டதைப் பலர் நம்பவில்லை. 1934-இல் கேம்பிரிட்ஜில் ஏட்ரியன் மெய்ப்பித்தார்.

பின்னர் கவனக் குறைபாடுள்ள சிறுவர் பலரிடம் மெதுவான அலைகள் மிகுந்திருப்பதைக் கண்டனர். ஆயினும் அலையை மட்டும் கொண்டு முடிவு சொல்லலாகாது. பெற்றோரும் ஆசிரியரும் கூறுவதையும் கேட்க வேண்டும்.

நாஜி ஆட்சியில், குறையுடையோர் எனப்பட்டோருக்குக் கட்டாயக் கருத்தடை விதித்த நீதிமன்றத்தில் பெர்கரும் அமர்ந்தார். 1941-இல் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார்.

அவர் கண்ட கருவியைப் போற்றுவோம். ஆனால் எந்தப் பிள்ளைக்கும் 'மக்கு' என்று முத்திரை குத்தாதிருப்போம்.