ஸ்டூடியோ வாசலில் நின்ற சந்திரபாபு

சினிமாவில் கூட்டத்தோடு கூட்டமாக வந்து போகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். படப்பிடிப்பு உண்டானால் கூலி. இல்லையென்றால் பட்டினி. ஜே.பி. சந்திரபாபுவும் அந்தக் கஷ்டம் அறிந்தவர்தான்.

அவர் பிறந்தது தூத்துக்குடி. வளர்ந்தது கொழும்பு. நடிப்பு ஆசையோடு சென்னைக்கு வந்தார். ஸ்டூடியோ வாசல்களில் காத்து நின்றார். 1947-ல் 'தன அமராவதி' படத்தில் சிறு வேடம் கிடைத்தது. அதன் பிறகும் துண்டு வேடங்களே!

ஜெமினி அதிபர் எஸ்.எஸ். வாசனை ஒரு முறை பார்த்துவிட்டால் போதும் என்று அலைந்தார். முடியவில்லை. 1952-ல் மனம் உடைந்து உயிரை விடத் துணிந்தார். நல்ல வேளை, காப்பாற்றிவிட்டார்கள்.

அக்காலத்தில் அது குற்றம். வழக்கு நடந்தது. கோர்ட்டிலேயே ஷேக்ஸ்பியர் நாடகத்தை நடித்துக் காட்டினார், நீதிபதி விட்டுவிட்டார் என்று சொல்வார்கள். அதே ஆண்டில் வாசனின் 'மூன்று பிள்ளைகள்' படத்தில் இடம் கிடைத்தது.

பிறகு ஏறுமுகம்தான். தாமே பாடி ஆடினார். 1958-ல் 'சபாஷ் மீனா'வில் சிவாஜி கணேசனோடு இரட்டை வேடம்!

சொந்தப் படம் எடுக்கப் போனதுதான் வினை. எம்.ஜி.ஆரை வைத்துத் தொடங்கிய 'மாடி வீட்டு ஏழை' பாதியில் நின்றது. பணம் கரைந்தது.

1974 மார்ச் 8-ல் இறந்தார். நண்பர் எம்.எஸ். விசுவநாதன் வீட்டில் உடலை வைத்திருந்தார்கள். பிறகு சாந்தோம் அருகே குயிபிள் தீவு கல்லறையில் அடக்கம் செய்தார்கள்.