கரும்பையும் நாணலையும் ஆராய்ந்த பெண் விஞ்ஞானி... மதுரவாயலில் முடிந்த பயணம்! யார் இந்த ஜானகி அம்மாள்?

செங்கல்பட்டிலிருந்து ஜி.எஸ்.டி. சாலையில் தெற்கே போனால் பாலாற்றுப் பாலம் வரும். மணலில் வெள்ளைப் பூவோடு ஆடும் நாணலைப் பார்த்திருப்பீங்க. அதைத் தாண்டி கொஞ்ச தூரத்தில் படாளம். அங்கே மதுராந்தகம் கூட்டுறவு சர்க்கரை ஆலை. அரவை சீசனில் கரும்பு லாரி வராத நாளே இருக்காது. அந்த நாணலுக்கும் இந்தக் கரும்புக்கும் ரத்த சொந்தம் உண்டு. அந்தச் சொந்தத்தை மைக்ரோஸ்கோப் வழியே துருவித் துருவிப் பார்த்தவர்தான் ஜானகி அம்மாள்.

1897 நவம்பர் 4-ல் தலச்சேரியில் பிறந்தார். அப்போது அது சென்னை மாகாணம். அப்பா நீதித்துறை அதிகாரி, வீட்டில் மொத்தம் 19 பிள்ளைகள். அந்தக் காலத்துப் பெண்களுக்கு அடுத்து கல்யாணம்தான். ஜானகி சென்னைக்கு ரயில் ஏறினார். ராணி மேரி கல்லூரி, பிறகு மாநிலக் கல்லூரியில் தாவரவியல். சென்னை மகளிர் கிறிஸ்தவக் கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது பார்பர் உதவித்தொகை கிடைத்து அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகம் போனார். 1931-ல் அங்கேயே முனைவர் பட்டம். கடைசி வரை கல்யாணம் செய்துகொள்ளவில்லை.

கரும்பை இனிக்க வைத்தது இவரா?

வாட்ஸ்அப்பில் அடிக்கடி ஒரு ஃபார்வர்டு வரும், இந்தியக் கரும்பை இனிக்க வைத்ததே ஜானகி அம்மாள்தான் என்று. அது முழுசா சரி கிடையாது.

கோவை கரும்பு இனப்பெருக்க நிலையம் 1912-ல் தொடங்கியது. பார்பரும் வெங்கட்ராமனும் கரும்பை நாணலோடு ஒட்டுச் சேர்த்து உருவாக்கிய 'கோ 205' ரகம் 1918-லேயே வயலுக்கு வந்துவிட்டது. ஜானகி அங்கே வேலைக்குச் சேர்ந்தது 1934-ல்.

அப்போ இவர் செய்தது என்ன? தடித்த, இனிப்பான கரும்புக்கு நோயைத் தாங்கும் சக்தி குறைவு. நாணலில் சர்க்கரை குறைவு, ஆனால் வெள்ளம், வறட்சி, நோய் எதற்கும் அசராது. இரண்டையும் சேர்த்தால் நல்லது என்று தெரிந்துவிட்டது. உள்ளே என்ன நடக்கிறது என்பதுதான் புதிர். இனிப்புக் கரும்பில் 80 குரோமோசோம். நாணலிலோ இடத்துக்கு இடம் 40-லிருந்து 128 வரை மாறும். எந்த நாணலைத் தேர்ந்தெடுப்பது, கலப்புப் பயிர் ஏன் சில நேரம் மலடாகிறது? குரோமோசோமை எண்ணிப் பார்க்காமல் இதற்குப் பதில் கிடைக்காது. ஜானகி எண்ணினார். கரும்போடு மக்காச்சோளத்தைக்கூட ஒட்டிப் பார்த்தார். அந்தக் கலப்புகள் வயலுக்கு வரவில்லை. ஆனால் புல் குடும்பத்தில் எது எதோடு சேரும் என்ற அறிவு கிடைத்தது. ஒரு ரகத்தை அவர் பெயரில் எழுதுவதைவிட இதுதான் பெரிய விஷயம் என்று எனக்குத் தோன்றுகிறது.

இன்னைக்கு கரும்பு வெறும் சர்க்கரைக்கு மட்டும் இல்லை. சக்கையை எரித்து மின்சாரம், மொலாசஸிலிருந்து எத்தனால். பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலக்கிறோமே, அதில் ஒரு பங்கு கரும்பிலிருந்து வருவதுதான். தமிழ்நாட்டு விவசாயிகள் அதிகம் போடும் 'கோ 86032' ரகமும் அதே கோவை நிலையத்தில் பிறந்தது.

லண்டன், விஸ்லி, பிறகு நேரு

1939-ல் மரபியல் மாநாட்டுக்காக பிரிட்டன் போனவர், உலகப் போர் வெடித்ததால் அங்கேயே தங்கிவிட்டார். ஜான் இன்னஸ் நிறுவனத்தில் வேலை. டார்லிங்டனோடு சேர்ந்து எழுதிய, பயிர்த் தாவரங்களின் குரோமோசோம் தொகுப்பு 1945-ல் வெளியானது. விஸ்லி தோட்டத்தில் மக்னோலியா மரங்களை ஆராய்ந்தார். வெள்ளைப் பூ பூக்கும் ஒரு மக்னோலியா ரகத்துக்கே அவர் பெயர்தான்.

1951-ல் பிரதமர் நேரு கூப்பிட்டார், இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தைச் சீரமைக்கணும் என்று. வந்தார். நாடு முழுக்க உணவு உற்பத்தியைப் பெருக்கும் வேகம், காடுகள் அழிந்துகொண்டிருந்தன. ஷில்லாங் பக்கம் ஒரு அபூர்வ மக்னோலியாவைத் தேடிப் போனார், மரம் எரிக்கப்பட்டிருந்தது. 1955-ல் அமெரிக்காவின் பிரின்ஸ்டனில், மனிதன் பூமியை எப்படி மாற்றுகிறான் என்று நடந்த சர்வதேசக் கருத்தரங்கில் பேச அழைக்கப்பட்ட ஒரே பெண் இவர். அங்கே பேசியது பழங்குடிகளின் தாவர அறிவு, சிறு விவசாயத்தைப் பற்றி. விளைச்சலைக் கூட்டும் விஞ்ஞானத்திலிருந்து வந்தவர், காட்டையும் விட்டுக்கொடுக்கக் கூடாது என்று நின்றார்.

மதுரவாயல் வீடு

1970-ல் சென்னைக்குத் திரும்பினார். சென்னைப் பல்கலைக்கழகத் தாவரவியல் உயர் ஆய்வு மையத்தில் கௌரவ விஞ்ஞானி. ஆய்வுக்களம் மதுரவாயலில். இப்போ அது சென்னை மாநகராட்சி, பைபாஸ், டிராஃபிக். அப்போ செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்த ஊர். மூலிகைகளை வளர்த்து, அவற்றின் குரோமோசோம்களை ஆராய்ந்துகொண்டிருந்தார். 1977-ல் பத்மஸ்ரீ.

வயசு 80-ஐத் தொட்டபோது இன்னொரு சண்டை. பாலக்காடு பக்கம் அமைதிப் பள்ளத்தாக்கில் குந்திப்புழா ஆற்றில் நீர்மின் அணை கட்டத் திட்டம். அணை வந்தால் காடு மூழ்கும். எதிர்த்தவர்களோடு இவரும் நின்றார். அங்குள்ள தாவரங்களின் குரோமோசோம்களைப் பதிவு செய்யும் வேலையிலும் இறங்கினார், காடு போய்விட்டாலும் கணக்காவது மிஞ்சட்டுமே என்று.

1984 பிப்ரவரியில், மதுரவாயலில், 86 வயதில் இறந்தார். அணைத் திட்டம் அதற்கு முன்பே கைவிடப்பட்டிருந்தது. அமைதிப் பள்ளத்தாக்கு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது அதே ஆண்டு நவம்பரில்.