நம்பினால் நம்புங்கள் ரிப்ளி

'நம்பினால் நம்புங்கள்' என்ற தலைப்பில் வரும் துணுக்குகளை நாம் எல்லோருமே படித்திருப்போம். அதற்கு மூலவர் அமெரிக்காவின் ராபர்ட் ரிப்ளி. ஒரு படம், கீழே ரெண்டு வரி, அவ்வளவுதான். ஆனால் பேரனும் தாத்தாவும் பேப்பரைப் பிடுங்கிக்கொண்டு படிக்கிற பகுதி அது.

கலிபோர்னியாவின் சான்டா ரோசாவில் 1890-இல் பிறந்தார். அப்பா தச்சர், 1905-இல் இறந்துவிட, வீட்டில் கஷ்டம். பையனுக்கு எத்துப்பல், திக்குவாய் வேறு. வகுப்பில் எழுந்து கட்டுரை வாசிக்கவே பயப்படுவார். ஓமியரா என்ற ஆங்கில ஆசிரியை, கட்டுரைக்குப் பதிலாகப் படம் வரைந்து தர அனுமதித்தார். நமக்கும் அப்படி ஒருவர் வாய்த்திருந்தால் எத்தனை அரியர்ஸ் தப்பியிருக்கும்! பள்ளிப் படிப்பை முடிக்கவில்லை. 1908-இல் 'லைஃப்' பத்திரிகை அவர் படம் ஒன்றுக்கு 8 டாலர் கொடுத்தது.

பிறகு நியூயார்க் 'குளோப்' நாளிதழில் விளையாட்டுப் பக்க ஓவியர். 1918 டிசம்பரில் ஒருநாள் வரைய விஷயம் கிடைக்கவில்லை. நொண்டியடித்து ஓடினவர், பின்பக்கமாக ஓடினவர் என்று விளையாட்டு விசித்திரங்களைச் சேர்த்துப் படம் போட்டார். ஆரம்பம் அதுதான்.

அவருடைய வித்தை பொய் சொல்வதல்ல, உண்மையைக் குறும்பாகச் சொல்வது. அட்லாண்டிக்கை நிற்காமல் பறந்து கடந்தவர்களில் லிண்ட்பெர்க் 67-வது ஆள் என்று போட்டார். வாசகர்கள் கொதித்துப்போய் கடிதம் எழுதினார்கள். கணக்கு சரிதான். 1919-இல் விமானத்தில் ஆல்காக், பிரௌன் 2 பேர்; அதே வருடம் ஆகாயக் கப்பலில் 31 பேர்; 1924-இல் இன்னொரு ஆகாயக் கப்பலில் 33 பேர். ஆக 66. 1927-இல் தனியாகப் பறந்தவர்களில்தான் லிண்ட்பெர்க் முதல்வர்.

1929 நவம்பரில், அமெரிக்காவுக்குச் சட்டப்படி தேசிய கீதமே கிடையாது என்று வரைந்தார். நாடே திடுக்கிட்டது. முன்னாள் ராணுவத்தினர் கையெழுத்து வேட்டை நடத்தினார்கள். 1931 மார்ச்சில் சட்டம் வந்தது. வாசகர் அனுப்பும் படங்களையும் போடுவார். ஊசி, பிளேடு தின்னும் தன் நாயை வரைந்து அனுப்பினான் 14 வயதுப் பையன் ஒருவன், 1937-இல் வெளியானது. பின்னாளில் ஸ்னூப்பியை உருவாக்கிய சார்லஸ் ஷுல்ஸ் அவன்தான்.

இத்தனை தகவல் எங்கிருந்து வந்தது? ஊர் ஊராகச் சுற்றி ரிப்ளியே கண்டுபிடித்தார் என்று ஜனங்கள் நம்பினார்கள். அவர் சுற்றியதும் நிஜம். ஆனால் பெரும்பகுதியைத் தேடித் தந்தவர் நார்பர்ட் பேர்ல்ரோத். போலந்திலிருந்து வந்து வங்கியில் குமாஸ்தாவாக இருந்தவர், பல மொழி தெரிந்தவர். 1923-இல் ரிப்ளியிடம் சேர்ந்தார். நியூயார்க் பொது நூலகத்தில் வாரம் ஆறு நாள், நாளுக்குப் பத்து மணி நேரம் போல உட்கார்ந்து புத்தகம் புரட்டுவார். படத்தில் அவர் பெயர் இருக்காது. கணக்குப் போடுறவர் ஒருத்தர், டிராயிங்கில் கையெழுத்துப் போடுறவர் இன்னொருத்தர் என்பது நம்ம தொழிலிலும் நடக்கிற சங்கதிதானே! ரிப்ளியின் திறமையை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் இந்த ஒரு விஷயத்தில் அவரை மன்னிக்க மனசு வரவில்லை.

ரிப்ளி மாளிகையும் படகுமாக வாழ்ந்தார். 1949 மே மாதம் டெலிவிஷன் நிகழ்ச்சி நடந்துகொண்டிருக்கும்போதே மயங்கினார். 27-ஆம் தேதி மாரடைப்பில் காலமானார். வயது 59. பேர்ல்ரோத் அதற்குப் பிறகும் 26 வருடம், 1975 வரை, அதே நூலகத்துக்குப் போய்க்கொண்டிருந்தார்.