சிவப்புப் புள்ளிக்குப் பின்னால் ஒரு டப்ளின்காரர்

பப்ஜி விளையாடும்போது ‘ரெட் டாட்’ கிடைச்சா ஒரு சந்தோஷம் வருமே, ஞாபகம் இருக்கா? அந்தப் புள்ளிக்கு மூலகர்த்தா ஒரு ராணுவ வீரர் இல்லைங்க. வானத்தைப் பார்க்கத் தொலைநோக்கி செஞ்ச ஹோவர்ட் கிரப்.

1844-ல் அயர்லாந்தின் டப்ளினில் பிறந்தார். அப்பா தாமஸ் கிரப்பும் தொலைநோக்கி செய்பவர்தான். மகன் டிரினிட்டி கல்லூரியில் சேர்ந்தது, நம்மளை மாதிரியே, இன்ஜினியரிங் படிக்க. பாதியில், ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகருக்கு 48 அங்குல ஆடி கொண்ட தொலைநோக்கி செய்யும் வேலை அப்பாவுக்குக் கிடைத்தது. டிகிரியை விட்டுவிட்டுப் பட்டறைக்குப் போனார். (இதை வீட்டில் காட்டி அரியருக்குச் சாக்கு சொல்லாதீங்க!) அடுத்து வியன்னாவுக்கு 27 அங்குல லென்ஸ் தொலைநோக்கி. 1887-ல் ‘சர்’ பட்டம். 1912-ல் புனேவிலிருந்து நம்ம கொடைக்கானலுக்கு வந்த 20 அங்குல பவநகர் தொலைநோக்கியும் கிரப் பட்டறையில் செய்ததே.

1900-ல் அவர் எடுத்துக்கொண்ட பிரச்சினை இது. துப்பாக்கியில் குறி பார்க்க, பின்குறி, முன்குறி, இலக்கு மூன்றையும் ஒரே கோட்டில் கொண்டுவரணும். மூன்றும் வெவ்வேறு தூரத்தில். கண்ணோ ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் தெளிவாகப் பார்க்கும்.

நட்சத்திர ஒளி நம்மிடம் இணைகதிர்களாக வருகிறது. லென்ஸின் குவியத்தில் ஒரு குறியை வைத்தால், அதன் ஒளியும் இணையாகவே வெளியே வரும். அதைச் சாய்ந்த கண்ணாடியில் பட்டுக் கண்ணுக்குத் திரும்ப வைத்தார். குறி வெகு தூரத்தில், இலக்கின் மேலேயே மிதப்பது போலத் தெரிந்தது. தலையைக் கொஞ்சம் அசைத்தாலும் குறி இலக்கை விட்டு நகராது. பிளஸ் டூ ஒளியியல்தான், வேற ஒண்ணும் இல்லை!

குறை ஒன்றுதான்: சின்னதாக, நம்பகமாக எரியும் விளக்கு அப்போ கிடையாது. 1918-ல் ஜெர்மன் போர் விமானங்களில் இந்தக் கருத்து ஏறியது. கையில் பிடிக்கும் ஆயுதத்துக்கு வரவில்லை.

முதல் உலகப் போரில் அவரது தொழிற்சாலை நீர்மூழ்கிகளுக்குப் பெரிஸ்கோப் செய்தது. போர் முடிந்ததும் தொழில் தள்ளாடியது. 1925-ல் நீராவி டர்பைன் புகழ் சார்லஸ் பார்சன்ஸ் அதை வாங்கினார். 1931-ல் கிரப் மறைந்தார்.

1975-ல் ஸ்வீடனின் எய்ம்பாயிண்ட் நிறுவனம் எல்இடியை வைத்துச் சிவப்புப் புள்ளியைக் கொண்டுவந்தது. கைத்துப்பாக்கிக்கு இன்னும் தாமதம். ஒவ்வொரு குண்டுக்கும் அதன் ஸ்லைடு பின்னால் பாய்ந்து திரும்பும். அந்த அடியைத் தாங்கும் அளவுக்கு எல்இடியும், பேட்டரியும், கண்ணாடியும் சின்னதாகி உறுதியாகணும். இன்று சாய்ந்த கண்ணாடிக்குப் பதில் ஒரு குட்டி வளைவுக் கண்ணாடி, லென்ஸ் வேலையையும் சேர்த்துச் செய்கிறது. தத்துவம் மட்டும் கிரப்புடையதே.

உங்க ஃபைனல் இயர் புராஜெக்ட் ‘பார்ட் கிடைக்கலை’ன்னு நிற்குதா? ஐடியாவைத் தூக்கிப் போட்டுடாதீங்க. கணக்கை ஒழுங்கா எழுதி வைங்க. கிரப்புக்கு ஒரு எல்இடி வந்து சேர 75 வருஷம் ஆச்சு.