இரைச்சலோடு போன குரல்

தரம் 12 இல் பௌதிகவியல் செயற்றிட்டத்துக்காக வானொலி அலையைக் கணினியில் வரைந்து பார்த்தேன். விரிதாளின் ஒரு நிரலில் வேகமாக அதிரும் காவி அலை. அடுத்த நிரலில் மெதுவான குரல் அலை. குரல் உயர்ந்தால் காவி அலையின் வீச்சமும் உயர வேண்டும், தாழ்ந்தால் தாழ வேண்டும். இதுதான் வீச்சப் பண்பேற்றம். நானோ காவி அலையைத் தொடர்ச்சியாக எழுதாமல், எழுந்து எழுந்து அடங்கும் துடிப்புகளாக எழுதிவிட்டேன். குரலைப் பிரித்தெடுத்தபோது வரைபடம் முழுக்கத் தாழை இலை போல முட்கள். அழிக்கப் போனேன். இதே முட்களோடு ஒருவர் ஆறு வருடம் மல்லுக்கட்டியதை அந்த வாரம்தான் வாசித்தேன்.

அவர் றெஜினோல்ட் பெசென்டன். 1866 இல் கனடாவின் கியூபெக்கில் பிறந்தவர். பல்கலைக்கழகப் பட்டம் பெறாதவர். எடிசனின் ஆய்வுகூடத்தில் வேலை செய்து, பின்னர் அமெரிக்காவில் மின்பொறியியல் பேராசிரியரானார்.

அக்காலத்தில் கம்பியில்லாத் தந்தி என்றால் பொறி பறக்கும் கருவிதான். மோர்ஸ் குறிகளுக்கு அது போதும். ஆனால் ஒவ்வொரு பொறியின் அலையும் பிறந்த கையோடு அடங்கிவிடும்; குரலை ஒழுங்காகச் சுமக்காது. பெசென்டன் செக்கனுக்கு 10,000 பொறிகளை எழுப்பிப் பார்த்தார். 1900 டிசெம்பர் 23 அன்று, மேரிலாந்தின் கொப் தீவில், சுமார் 1.6 கிலோமீற்றர் தொலைவிலிருந்த உதவியாளரிடம் அங்கே பனி பெய்கிறதா என்று கேட்டார். குரல் போய்ச் சேர்ந்தது. இரைச்சலும் கூடவே போனது.

நானாக இருந்தால் அந்த வெற்றியோடு நிறுத்தியிருப்பேன். அவர் அறுபடாத அலைதான் வேண்டுமென்று பிடிவாதமாக நின்றார். ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்திடம் அதிவேக மின்பிறப்பாக்கி கேட்டார். அலெக்சாண்டர்சன் என்ற பொறியியலாளர் அதை உருவாக்கினார். 1906 டிசெம்பர் 21 அன்று, மசாச்சுசெட்ஸின் பிரான்ட் றொக்கில் ஒலிவாங்கியை அன்ரெனாச் சுற்றிலேயே இணைத்துப் பேசினார். ஏறத்தாழ 18 கிலோமீற்றருக்கு அப்பால், பிளிமத்தில் குரல் தெளிவாகக் கேட்டது. மூன்று நாள் கழித்து அவர் வயலின் வாசித்து ஒலிபரப்பினார் என்ற கதை எனக்கு மிகப் பிடிக்கும். ஆனால் அந்நாளைய பதிவு எதுவும் கிடைக்காததால் செயற்றிட்டத்தில் அதைச் சேர்க்கவில்லை.

பிறகு பங்காளிகளோடு பிணக்கு. 1911 இல் வேலை போயிற்று. காப்புரிமை வழக்கு 1928 வரை இழுபட்டுத்தான் இணக்கத்துக்கு வந்தது. 1932 இல் பெர்முடாவில் காலமானார்.

முட்கள் நிறைந்த அந்த முதல் வரைபடத்தை நான் அழிக்கவில்லை. சீரானதற்குப் பக்கத்திலேயே ஒட்டிக் கொடுத்தேன்.