காட்சியும் கட்டளையும்: திருப்போரூர்ச் சிதம்பர சுவாமிகள்

தொண்டை நாட்டு முருகன் தலங்களுள் திருப்போரூர் தனிச்சிறப்புடையது. திருச்செந்தூரில் கடலிலும், திருப்பரங்குன்றத்தில் நிலத்திலும், இங்கு விண்ணிலும் முருகன் அசுரரோடு பொருதான் என்பது தலபுராணச் செய்தி. யுத்தபுரி, சமராபுரி என்னும் பெயர்கள் அதனால் வந்தன. 15-ஆம் நூற்றாண்டில் அருணகிரிநாதர் இத்தலத்தைப் பாடியுள்ளார். ஆயினும் இன்று நாம் வழிபடும் கந்தசாமி கோயில், 17-ஆம் நூற்றாண்டில் தனி மனிதர் ஒருவருக்குத் தோன்றிய காட்சியிலிருந்து எழுந்தது என்பது மரபு. அவரே சிதம்பர சுவாமிகள்.

நம் வட்டம் பத்தாண்டு நிறைவுறும் இவ்வேளையில் அவர் வாழ்வை எழுத எண்ணியதற்குக் காரணம் உண்டு. கவிதை தாமாக எழுதியதன்று, தமக்கு வந்தது என்று கூறும் வழக்கம் கவிஞர்களிடையே பெருகியிருக்கிறது. அது பொய் என்று சொல்ல நான் முற்படவில்லை. வந்ததை வாங்கிக்கொண்டவர் பின்னர் என்ன செய்தார் என்பதே என் வினா. அவ்வினாவோடு அணுகுவோர்க்கு விடை தரும் வாழ்வு சிதம்பர சுவாமிகளுடையது.

சுவாமிகள் மதுரையில் பிறந்தவர். சங்கப் புலவர் மரபினர் என்று அவர் வரலாறு கூறும். இளமையிலேயே இலக்கண இலக்கியங்களில் வல்லவராய், மீனாட்சியம்மையிடம் பேரன்பு பூண்டவராய் விளங்கினார். புலமையில் நிறைவு காண்பவராக மட்டும் அவர் இருந்திருப்பின், நாயக்கர் காலத்து மதுரையின் நற்புலவருள் ஒருவராக நின்றிருப்பார். திருப்போரூர் அவரை அறிந்திராது. கொங்கு நாட்டுப் பேரூரில் வாழ்ந்த சாந்தலிங்க சுவாமிகளை அடைந்ததே அவர் வாழ்வின் திருப்பம்.

சாந்தலிங்கர் வைராக்கிய சதகம், வைராக்கிய தீபம், கொலை மறுத்தல், அவிரோதவுந்தியார் ஆகிய நூல்களை இயற்றிய வீரசைவத் துறவி. அவர் தம்மை நாடி வந்த பெரும்புலவரைத் தம்மிடமே வைத்துக்கொள்ளவில்லை; தம் மாணவராகிய குமாரதேவரிடம் அனுப்பினார். அரசாட்சியைத் துறந்து வந்து விருத்தாசலத்தில் தங்கிய குமாரதேவர், மகாராசா துறவு என்னும் நூலின் ஆசிரியர். புலவர் ஒருவர், பெரும்பெயர் பெற்ற ஆசிரியரை விட்டு அவருடைய மாணவருக்கு மாணவராக இசைவது எளிதன்று. சிதம்பர சுவாமிகள் இசைந்தார். தம்மை அனுப்பிவிட்ட ஆசிரியரிடம் மனத்தாங்கலும் கொள்ளவில்லை. மேற்சொன்ன சாந்தலிங்கர் நூல்கள் நான்கிற்கும் உரை கண்டவர் அவரே. தாம் பாடுதற்குரிய ஆற்றலைப் பிறர் பாட்டை விளக்குவதில் செலவிட்ட இப்பணியை, அவர் அடைந்த காட்சிக்கு நிகராக மதிக்க வேண்டும் என்பது என் கருத்து.

விருத்தாசலத்தில் ஒருநாள் தியானத்தில் அமர்ந்திருந்தபோது மயிலொன்று தோகை விரித்தாடக் கண்டார். அதன் பொருளைத் தாமே வகுத்துக்கொள்ளாமல் குமாரதேவரிடம் சென்று முறையிட்டார். குமாரதேவரும் உடனே பொருள் கூறிவிடவில்லை. மதுரைக்குச் சென்று மீனாட்சியம்மையை வேண்டுமாறு பணித்தார். கண்டவரும் அவசரப்படவில்லை, கேட்டவரும் அவசரப்படவில்லை. இவ்வரலாற்றின் உயிர்நாடி இவ்விடத்தில் இருக்கிறது.

இதனை நன்கு உணர, அண்மையிலுள்ள கடற்கரைக்குச் சற்றுச் சென்று வரலாம். திருப்போரூரிலிருந்து சில கல் தொலைவிலுள்ள கோவளத்தில், போர்ச்சுக்கீசிய வணிகர் ஜான் டி மாண்டி 1808-இல் கட்டுவித்த கார்மேல் அன்னை ஆலயம் இருக்கிறது. கார்மேல் என்னும் அப்பெயர் தாங்கிய துறவற சபையில் 16-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்தவர்கள் அவிலா தெரேசம்மாளும் (1515-1582) சிலுவை அருளப்பரும் (1542-1591). தெரேசம்மாள் பல காட்சிகளைக் கண்டவர். அவர் தம் வாழ்க்கை வரலாற்றை எழுதியது, தம் ஆன்ம குருக்கள் அக்காட்சிகளை ஆராயும் பொருட்டு இட்ட கட்டளையினால். 1565-இல் எழுதி முடித்த அந்நூல் விசாரணை மன்றத்தாரின் கைக்கும் சென்று, அவர் மறைந்தபின் 1588-இல் அச்சேறியது. சிலுவை அருளப்பரோ தொலேதோ நகர மடத்தில் சிறைப்பட்டிருந்த காலத்தில் அரும்பாடல்கள் இயற்றிய கவிஞர். தம் பாடல்களுக்குத் தாமே உரை வரைந்தவர். காட்சிகளை விரும்பித் தேடலாகாது, வந்தாலும் அவற்றைப் பற்றிக்கொள்ளலாகாது என்பது அவர் கொள்கை.

கத்தோலிக்க மரபு இத்தகைய காட்சிகளைத் தனி வெளிப்பாடு என்று வகைப்படுத்துகிறது. அனைவர்க்கும் உரிய பொது வெளிப்பாடு திருத்தூதர் காலத்தோடு நிறைவுற்றது. பின்னர் ஒருவர்க்குத் தோன்றுவது எத்துணை உயர்ந்ததாயினும் பிறரை நம்புமாறு கட்டுப்படுத்தாது என்பது அதன் தெளிவு. கண்டவரின் பணிவும், காட்சியால் விளையும் நற்பயனும் அங்கே முதன்மையான உரைகற்கள். பால் சுமந்து சென்ற சிறுவனுக்கும், மோர் விற்ற கால் ஊனமுற்ற சிறுவனுக்கும் அன்னை தோன்றினாள் என்று வேளாங்கண்ணி மரபு கூறும். 16-ஆம் நூற்றாண்டினதாகச் சொல்லப்படும் அந்நிகழ்ச்சிகளில் வேரூன்றிய அத்திருத்தலத்தின் ஆன்மிகப் பயன்களைப் பாராட்டி, உரோமைத் திருப்பீடத்தின் விசுவாசக் கோட்பாட்டுத் துறை 2024 ஆகஸ்டில் கடிதம் விடுத்தது. நிதானத்திற்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை.

நம் சைவ மரபில் இத்தகைய துறையோ மன்றமோ இல்லை. குருவின் சொல்லே உரைகல். குமாரதேவர் செய்தது அதுவே. கண்ட காட்சியைக் காத்திருப்பிற்கு உட்படுத்தினார்.

மதுரையில் ஒரு மண்டலக் காலம் சுவாமிகள் வழிபட்டிருந்தார். மீனாட்சியம்மை கலிவெண்பா அப்போது பாடியது என்பர். முடிவில் அம்மை தோன்றி, வடக்கே யுத்தபுரியில் பனங்காட்டினுள் மறைந்து கிடக்கும் முருகனை வெளிப்படுத்திக் கோயில் எடுக்குமாறு பணித்தாள் என்பது வரலாறு. மயில் வெறும் காட்சி, இதுவோ கட்டளை. முன்னது கண்ணுக்கு இன்பம் தந்தது. பின்னது வாழ்நாள் முழுமைக்கும் உழைப்பைத் தந்தது.

வந்து பார்த்தால் ஊர் இல்லை, கோயில் இல்லை. எங்கும் பனைமரங்கள், வேம்பின் அடியில் ஒரு பிள்ளையார். விசயநகரப் பேரரசு நிலைகுலைந்த காலம் அது. 1639-இல் சென்னைக் கடற்கரையில் ஆங்கிலேயர் இடம் பெற்றனர். 1640-களில் கோல்கொண்டாப் படைகள் தொண்டை நாட்டை வென்றன. படைகள் வருவதும் போவதுமாயிருந்த நாட்டில், கையில் பொருளின்றிக் கோயில் கட்ட வந்த துறவியை எண்ணிப் பாருங்கள். பல நாள் தேடியபின் பெண்பனை ஒன்றன் அடியில் சுயம்பு மூர்த்தியைக் கண்டெடுத்தார். குடிசை ஒன்றில் எழுந்தருளச் செய்து பூசித்தார். நாடி வந்தவர் நோய்க்குத் திருநீறு தந்தார். அவர்கள் தந்தது கோயிற் பொருளாயிற்று. கொள்ளையிட வந்த கள்வர் கண்ணொளி இழந்து, பின் திருந்தித் தம் பொருளையே தந்தனர் என்றும், நவாபு ஒருவர் நிலம் அளித்தார் என்றும் கதைகள் உள. நவாபு என்னும் பட்டத்தைப் பிற்காலத்தார் ஏற்றியிருக்கலாம் என்றே கருதுகிறேன். இசுலாமிய ஆட்சியாளர் ஒருவரின் ஆதரவு என்னும் செய்தி அக்காலச் சூழலுக்கு முரணானதன்று.

மூலவர் பனைமரத்தால் ஆனவர் என்பதால் அவருக்கு நீராட்டு இல்லை, புனுகு சாத்துவர். சுவாமிகள் நிறுவிய இயந்திரத்திற்கே அபிடேகம் நடைபெறுகிறது. காட்சியில் கிடைத்த திருவுருவை உள்ளவாறே விடுத்து, ஊரார் தொடர்ந்து வழிபடுதற்கு ஒரு முறைமையை அதன் அருகே அமைத்தார். தமக்கு மட்டும் புலப்பட்டதை எல்லார்க்கும் உரியதாக்கிய செயல் இது.

அதே செயலைச் சொல்லால் செய்தது திருப்போரூர்ச் சந்நிதிமுறை. 726 பாடல்கள் கொண்ட அத்தொகுப்பில் பிள்ளைத்தமிழ் உண்டு. அலங்காரமும் மாலையும் உண்டு. தாலாட்டு, திருப்பள்ளியெழுச்சி, ஊசல், தூது எனப் பல வடிவங்கள் உண்டு. காலையில் எழுப்பவும் இரவில் உறங்கவைக்கவும் கோயிலுக்கு வேண்டிய பாட்டையெல்லாம் ஒருவரே செய்து வைத்திருக்கிறார். தெய்வத்தைக் கண்ட ஒருவர் தாம் கண்டதையே திரும்பத் திரும்பச் சொல்லுவார் என்று எதிர்பார்த்து இந்நூலைத் திறப்போர் வியப்படைவர். இங்கு ஓங்கி ஒலிப்பது இறைஞ்சும் குரல். கண்டேன் என்பதினும் காப்பாய் என்பதே மிகுதி. புதிய யாப்பைத் தேடி அவர் அலையவும் இல்லை. மக்கள் நாவில் பழகிய வடிவங்களே அவருக்குப் போதுமானவையாக இருந்தன. புதுமையை மட்டுமே அளவுகோலாகக் கொள்ளும் இக்காலத் திறனாய்வு அவரைப் பேசாது கடந்து செல்வதற்கு இதுவும் ஒரு காரணம். இழப்பு நமக்கே.

அவர் வெண்பாக்களுள் ஒன்றைத் தொண்டை நாட்டு முதியோர் பலர் மனப்பாடமாக அறிவர். நோயில் படுத்து, மனம் நொந்து, பாயில் கிடந்து வாடாமல் நொடிப்பொழுதில் இவ்வுடலை நீக்கித் திருவடிக்கீழ் வைத்துவிடு என்று போரூர் ஐயனை வேண்டும் பாடல் அது. அம்மையை நேரிற் கண்டதாக உலகம் போற்றும் துறவி, நம் வீட்டுப் பாட்டிமார் வேண்டுவதையே வேண்டுகிறார். பாடியவர் இன்னார் என்று அறியாமலே அதை நாள்தோறும் சொல்பவர்கள் உண்டு.

திருப்போரூரை அடுத்த கண்ணகப்பட்டில் சுவாமிகளின் மடம் அமைந்தது. வைகாசி விசாகத்தன்று அங்கே சமாதி நிலை எய்தினார். அவர் கண்ணகப்பட்டில் சமாதிக் குழியில் இறங்கிய அதே பொழுதில், போரூர்க் கருவறைக்குள் அவர் நுழைந்து முருகனோடு கலக்கக் கண்டதாக அடியார் கூறினர். இம்முறை காட்சி கண்டவர்கள் ஊரார். ஆண்டுதோறும் வைகாசி விசாகத்தில் அம்மடத்தில் குருபூசை நடைபெறுகிறது. கந்தசாமி கோயிலினுள்ளும் அவருக்குச் சந்நிதி உண்டு. தாம் பனங்காட்டில் தேடிக் கண்ட மூர்த்தியை நோக்கியவாறு அங்கே அவர் இருக்கிறார்.