கோழிக் கூண்டில் கிடைத்த விடை: கிறிஸ்டியான் எய்க்மான்

செந்தூலில் எங்கள் பாட்டி வீட்டுச் சமையலறையில் எப்போதும் இரண்டு அரிசி வாளிகள் இருக்கும். ஒன்றில் வெள்ளை அரிசி, மற்றொன்றில் புழுங்கல் அரிசி. புழுங்கல் அரிசிச் சோற்றின் வாடை பிடிக்காமல் பேரப்பிள்ளைகள் நாங்கள் முகம் சுளிப்போம். பல்கலைக்கழகத்தில் ஊட்டச்சத்து பற்றிப் படிக்கும்போதுதான், அந்த இரண்டாவது வாளிக்குப் பின்னால் எவ்வளவு பெரிய வரலாறு இருக்கிறது என்று தெரிந்தது. அந்த வரலாற்றின் நாயகர் கிறிஸ்டியான் எய்க்மான்.

எய்க்மான் 1858ஆம் ஆண்டு ஆகஸ்ட் 11ஆம் நாள் நெதர்லாந்தின் நெய்கெர்க் நகரில் பிறந்தார். இராணுவ மருத்துவராகப் பயிற்சி பெற்று, 1883இல் டச்சுக்காரர்களின் ஆட்சியில் இருந்த இந்தோனேசியாவுக்கு வந்தார். மலேரியா அவரைப் படுக்கையில் தள்ளியதால் இரண்டே ஆண்டுகளில் நாடு திரும்பினார். 1886இல் அவருடைய இளம் மனைவியும் காலமானார். பிறகு பெர்லினில், காசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்த ராபர்ட் கோக்கின் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றினார். எந்த நோய்க்கும் ஒரு கிருமியே காரணம் என்று உலகம் நம்பத் தொடங்கிய காலம் அது.

அதே ஆண்டு, பெரிபெரி நோயை ஆராயும் குழுவுடன் அவர் மீண்டும் ஜாவாவுக்குச் சென்றார். முதலில் கால்கள் மரத்துப்போகும், நடை தளரும். சிலருக்கு உடல் வீங்கி, இதயம் செயலிழந்து உயிர் போகும். சிப்பாய்களும் கைதிகளும் சுரங்கத் தொழிலாளர்களும் கூட்டங்கூட்டமாக இறந்தனர். குழுவின் மூத்த மருத்துவர்கள் நாடு திரும்பிய பின், 1888இல் பத்தாவியாவில் (இன்றைய ஜகார்த்தா) இருந்த ஆய்வுக்கூடத்தின் இயக்குநரானார் எய்க்மான். அவரும் கிருமியைத்தான் தேடினார்.

சமையல்காரர் மாறினார், நோய் மறைந்தது

1889இல் ஆய்வுக்கூடக் கோழிகள் கால் தளர்ந்து விழத் தொடங்கின. கிருமி செலுத்தப்பட்ட கோழிகளுக்கும் நோய், செலுத்தப்படாதவற்றுக்கும் நோய்! சில மாதங்களில் எல்லாம் தாமாகவே குணமாயின. எய்க்மான் துருவித் துருவி விசாரித்தார். பணியாளர் செலவைக் குறைப்பதற்காக, இராணுவ மருத்துவமனைச் சமையலறையில் மிஞ்சிய வெள்ளை அரிசிச் சோற்றைக் கோழிகளுக்குப் போட்டு வந்திருக்கிறார். பிறகு வந்த புதிய சமையல்காரர், இராணுவத்து அரிசியைக் கோழிக்குத் தர மறுத்துவிட்டார். கோழிகள் பழைய தீவனத்துக்குத் திரும்பின, நோயும் போனது.

எய்க்மான் இதை முறையாகச் சோதித்தார். தீட்டிய அரிசி தின்ற கோழிகள் விழுந்தன. தவிட்டைச் சேர்த்துக் கொடுத்ததும் எழுந்து நடந்தன. மனிதர்களுக்கும் இது பொருந்துமா? அவருடைய நண்பரான மருத்துவர் வோர்டர்மன் 1895இல் ஜாவாவின் நூற்றுக்கும் மேற்பட்ட சிறைகளின் நிலையை ஆராய்ந்தார். தீட்டிய அரிசி வழங்கிய சிறைகளில் 39 பேருக்கு ஒருவர் பெரிபெரியால் பாதிக்கப்பட்டிருந்தார். தவிடு நீக்காத அரிசி வழங்கிய சிறைகளிலோ 10,000 பேருக்கு ஒருவர்தான்.

ஆனால், காரணத்தை விளக்குவதில் எய்க்மான் தவறினார். வெள்ளை அரிசியில் ஒரு நஞ்சு இருக்கிறது, தவிடு அதை முறிக்கிறது என்றே கருதினார். 1896இல் அவர் நாடு திரும்பியதும் ஆய்வைத் தொடர்ந்த கெரித் கிரெய்ன்ஸ்தான், நஞ்சு எதுவும் இல்லை, உடலுக்குத் தேவையான ஒரு சத்து இல்லாமையே நோய் என்று 1901இல் விளக்கினார். அந்தச் சத்தையே நாம் வைட்டமின் பி1 என்கிறோம்.

கோலாலம்பூரில் நடந்த சோதனை

இந்தக் கதையில் நம் நாட்டுக்கும் பங்கு உண்டு. மலாயாவின் ஈயச் சுரங்கங்களில் உழைத்த சீனர்கள் சயாம் வெள்ளை அரிசியை உண்டு பெரிபெரியால் மடிந்தனர். புழுங்கல் அரிசி உண்ட தமிழர்களை அந்நோய் அண்டவில்லை. நெகிரி செம்பிலானில் பணியாற்றிய மருத்துவர் பிராடன் இதைக் கவனித்து எழுதினார்.

1905இல் வில்லியம் பிளெட்சர் என்ற மருத்துவர் கோலாலம்பூர் மனநலக் காப்பகத்தில் இதைச் சோதித்தார். நோயாளிகளை வரிசையாக நிற்க வைத்து எண்ணி, ஒற்றை எண்காரர்களுக்குச் சயாம் அரிசியும் இரட்டை எண்காரர்களுக்குப் புழுங்கல் அரிசியும் கொடுத்தார். சயாம் அரிசி உண்ட 120 பேரில் முப்பதுக்கும் மேற்பட்டோர் நோயுற்றனர், 18 பேர் இறந்தனர். புழுங்கல் அரிசி உண்ட 123 பேரில் இருவருக்கு மட்டுமே நோய் இருந்தது. அவர்களும் நோயுடன்தான் காப்பகத்துக்கு வந்தவர்கள். சம்மதம் சொல்லவோ மறுக்கவோ இயலாதவர்கள் மீது நடந்த சோதனை அது. அந்த 18 உயிர்களையும் நாம் மறக்கக்கூடாது.

புழுங்கல் அரிசியின் இரகசியம் எளிது. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது, உமிக்கு அடியில் உள்ள சத்தின் ஒரு பகுதி அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் அது முழுமையாகப் போவதில்லை. நம் முன்னோர் வைட்டமினை அறிந்து நெல்லை அவிக்கவில்லை. ஆனாலும் அந்தப் பழக்கம் அவர்களைக் காப்பாற்றியது.

எய்க்மான் 1898 முதல் 1928 வரை உத்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகப் பணியாற்றினார். 1929இல் பிரடெரிக் ஹாப்கின்ஸுடன் மருத்துவத்துக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். உடல்நலம் குன்றியிருந்ததால் பரிசு பெற நேரில் செல்ல முடியவில்லை. மறு ஆண்டு நவம்பர் 5ஆம் நாள் காலமானார்.

இன்று கைப்பேசியைத் திறந்தால் சர்க்கரைக்கு ஒரு கஷாயம், மூட்டு வலிக்கு ஒரு பொடி என்று பாட்டி வைத்தியக் குறிப்புகள் வந்து குவிகின்றன. அவை அனைத்தையும் நம்பிவிடவும் வேண்டாம், பழையவை என்பதற்காக ஒதுக்கிவிடவும் வேண்டாம். எத்தனை பேருக்குக் கொடுத்துப் பார்த்தார்கள், கொடுக்காதவர்களுக்கு என்ன ஆனது என்று கேட்போம். உடல்நலக் குறைவுக்கு மருத்துவரை அணுகுவோம். நான் இப்போது பாட்டியின் இரண்டாவது வாளியைப் பார்த்து முகம் சுளிப்பதில்லை.